பேர்ப்பலகை மாத்தினா ஆச்சா? - 'யூரேசியா' படிப்புகளை முன்வைத்து ஒரு புலம்பல்

'ஏரியா ஸ்டடீஸ்' என்ற வார்த்தையை முதல்ல கேட்கிறவங்களுக்கு நம்மூர் 'இது யார் ஏரியா தெரியும்ல?' தான் ஞாபகம் வரும். கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான், பெருசா வித்தியாசம் இல்லை :-) உலகத்தைப் பேட்டை பேட்டையா பிரிச்சு, ஒவ்வொரு பேட்டையோட மொழி, வரலாறு, அரசியல், பொருளாதாரம், இலக்கியம் எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழே படிக்கிற ஏற்பாடு. தமிழ்ல பிராந்திய ஆய்வுன்னு சொல்லலாம். அதுல ஒரு பேட்டைக்குப் பேர் 'ஐரோப்பா மற்றும் யூரேசியா'. இந்தப் பதிவு அந்தப் பேட்டையைப் பத்தினது. கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். பொறுத்துக்கங்க.

முதல்ல பேர்ப்பலகைகளைப் பார்ப்போம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1946ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளைப் பணத்துல 'ரஷ்யக் கழகம்' ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு அது ஹாரிமன் கழகம். ஹார்வர்டில் 1948ல் கார்னெகி பணத்துல 'ரஷ்ய ஆய்வு மையம்'. இப்போ அது டேவிஸ் மையம், கூடவே 'யூரேசியா'ன்னு ஒரு வால். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1949லேருந்து 'சோவியத் ஆய்வுகள்' என்று ஒரு பத்திரிகை வந்துகிட்டிருந்தது. சோவியத்தே இல்லாம போனதும் 1993ல் அது 'ஐரோப்பா-ஆசிய ஆய்வுகள்' ஆயிடுச்சு. அமெரிக்காவின் ஸ்லாவிய ஆய்வாளர் சங்கம் 2010ல் பேரை மாத்தி, கிழக்கு ஐரோப்பாவையும் யூரேசியாவையும் சேர்த்துகிட்டது. நம்ம டெல்லி ஜே.என்.யூவில் மட்டும் என்ன வாழுதாம்? சோவியத் மற்றும் கிழக்கு ஐரோப்பிய ஆய்வு மையமா இருந்தது, ரஷ்ய மற்றும் மத்திய ஆசிய ஆய்வு மையமா ஆனது.

பேரு மாறினது தப்பில்லை. நாடு உடைஞ்சா பலகை மாறத்தான் வேணும். என் கேள்வி வேற. கடைக்குள்ள சரக்கு மாறிச்சா?

மாறலை என்பதுதான் என் கட்சி. முப்பது வருஷத்துக்கு மேல, 'யூரேசியா'ன்னு பலகை வச்ச பெரும்பாலான இடங்கள்ல நுழைஞ்சதும் கையில் கொடுக்கிறது ரஷ்ய மொழிப் பாடப்புத்தகம். உஸ்பெக், கசாக், ஜார்ஜியன், உக்ரேனியன், தாத்தார் எல்லாம் 'போதுமான மாணவர்கள் சேர்ந்தால் நடத்தப்படும்' வகை. போதுமான மாணவர்கள் எப்படிச் சேருவாங்க? போன வருஷம் நடத்தலை, அதனால இந்த வருஷம் யாருக்கும் அப்படி ஒரு வகுப்பு இருக்குன்னே தெரியாது. யாரும் சேரலை, அதனால அடுத்த வருஷமும் நடத்த மாட்டாங்க. பஸ்ஸில் ஆள் ஏறலைன்னு டிரிப்பை நிறுத்துவாங்க, டிரிப் இல்லாததால ஆள் ஏற மாட்டாங்க. நம்ம கிராமத்து ரூட் கதையேதான்.

விதிவிலக்கு இல்லாம இல்லை. இண்டியானா பல்கலைக்கழகம் மத்திய யூரேசியாவுக்குன்னே ஒரு தனித் துறை வச்சிருக்கு. 1950லேருந்து அங்க கோடைகால மொழிப் பயிற்சி நடக்குது. இந்தப் பதிவுல நான் திட்டப்போற திட்டு எதுவும் அவங்களுக்கு இல்லை.

சரி, இந்தத் துறை எங்கே ஆரம்பிச்சது? பனிப்போர்லன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. கிடையாது. 1915 அக்டோபர், லண்டன் கிங்ஸ் காலேஜ். முதல் உலகப்போர் நடந்துகிட்டிருக்கு. ஆஸ்திரியப் பேரரசிலேருந்து தப்பி வந்த ஒரு செக் பேராசிரியர் அங்க ஒரு புதுப் பள்ளியோட தொடக்க உரையை நிகழ்த்துறார். அவர் பேர் தோமாஷ் மசாரிக். மூணு வருஷம் கழிச்சு செக்கோஸ்லோவாகியான்னு ஒரு நாடு பிறந்தப்போ அதுக்கு முதல் ஜனாதிபதி ஆனவர். அந்தப் பள்ளி இன்னிக்கும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்குள்ள இருக்கு, ஸ்லாவிய மற்றும் கிழக்கு ஐரோப்பிய ஆய்வுப் பள்ளியா. அன்னிக்கு மசாரிக் எடுத்துகிட்ட தலைப்பு என்ன தெரியுமா? ஐரோப்பிய நெருக்கடியில் சிறிய தேசங்களின் பிரச்சினை. நல்லா கவனிங்க, சிறிய தேசங்கள்! பெரிய பேரரசுகளோட காலடியில் கிடந்த மக்களைப் பத்திப் பேசத்தான் இந்தப் படிப்பு மேடை ஏறினது. முப்பது வருஷத்துல அது அப்படியே தலைகீழா ஆகி, பேரரசோட தலைநகரத்துல என்ன நடக்குதுன்னு ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிற வேலையாப் போச்சு.

எப்படி ஆச்சு? பணம். வேறென்ன.

1957 அக்டோபர் 4 அன்னிக்கு சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை மேலே அனுப்புது. அமெரிக்காவுக்கு அடிவயித்துல புளி கரைச்சுது. ஒரு வருஷம் முழுசா ஆகறதுக்குள்ள, 1958 செப்டம்பரில், ஒரு சட்டம் வருது. அதோட பேரே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம். கல்விச் சட்டத்துக்கு 'பாதுகாப்பு'ன்னு பேர் வச்சாத்தான் காசு ஒதுக்குவாங்க, அதான் சூட்சுமம். அந்தச் சட்டத்தோட ஆறாம் பிரிவுதான் பல்கலைக்கழகங்களில் அயல்மொழி மையங்களுக்கும் மாணவர் உதவித்தொகைக்கும் பணம் கொடுத்தது. பின்னாடி அது உயர்கல்விச் சட்டத்துக்குள்ள போய் உட்கார்ந்துகிட்டது.

'உளவுத்துறைப் பணத்துல வளர்ந்த படிப்பு'ன்னு நம்ம இடதுசாரி நண்பர்கள் கிண்டலடிப்பாங்க. அதுல பாதி உண்மை. ஹார்வர்ட் மையத்தோட முதல் இயக்குநர் கிளைட் க்ளக்ஹோன் ரஷ்ய நிபுணரே கிடையாது. அமெரிக்காவின் நவஹோ பழங்குடிகளை ஆராய்ந்த மானுடவியலாளர். அந்த மையத்தில் துணை இயக்குநரா இருந்த ஸ்டூவர்ட் ஹ்யூஸ், 1948 தேர்தலில் ஹென்றி வாலஸை ஆதரிச்சார்னு பதவியை விட வேண்டி வந்தது. பணம் கொடுக்கிறவன் கை எங்கே வரைக்கும் நீளும்னு இதுலயே தெரியும்.

மீதிப் பாதியையும் சொல்லணும் இல்லையா? அமெரிக்க விமானப்படைப் பணத்துல அதே ஹார்வர்ட் மையம் 1950-51ல் ஒரு வேலை பண்ணுச்சு. போர் முடிஞ்சு ஜெர்மனியில் தங்கிட்ட சோவியத் அகதிகளைத் தேடிப் போய், எழுநூறு நீண்ட நேர்காணல்களுக்கு மேல எடுத்தாங்க. நீ என்ன வேலை பார்த்தே, வீட்ல என்ன சாப்பிட்டே, ரேஷன் எப்படிக் கிடைச்சது, பக்கத்து வீட்டுக்காரனை நம்பினியா, பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுத்தே... இப்படி. விமானப்படைக்கு வேண்டியது குண்டு எங்கே போட்டா ஜனங்க மனசு உடையும் என்கிற தகவல். ஆனா கிடைச்சது ஒரு சமூகத்தோட அன்றாட வாழ்க்கை. அந்த நேர்காணல்கள் இன்னிக்கும் வரலாற்றாசிரியர்களுக்குப் பொக்கிஷம். காரணம் ரொம்ப எளிமையானது. சாதாரண மனுஷங்ககிட்ட அவங்க பாஷையில் பேசினாங்க, பொறுமையா எழுதி வச்சாங்க. பணம் எந்தப் பாக்கெட்டுலேருந்து வந்ததுங்கறது அப்புறம்.

அதனால 'இது பனிப்போர்ப் படிப்பு, ஒழியட்டும்'னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. எனக்குக் கோபம் வேற இடத்துல.

1991ல சோவியத் உடைஞ்சப்போ 'இத்தனை கோடி டாலர் செலவழிச்சீங்களே, ஒருத்தர்கூட முன்கூட்டியே சொல்லலையே'ன்னு எல்லாரும் இந்தத் துறையைக் காய்ச்சி எடுத்தாங்க. நியாயமான கேள்வியா? ஜோசியம் சொல்றது பல்கலைக்கழகத்தோட வேலை இல்லை. ஆனா எப்படித் தவறவிட்டாங்கன்னு பார்க்கிறது முக்கியம். பிரான்சில் எலேன் காரேர் தாங்காஸ் 1978லயே பேரரசு வெடிச்சுச் சிதறும்னு ஒரு புத்தகமே எழுதினாங்க. பெரிய பரபரப்பு. ஆனா அவங்க கை காட்டின திசை மத்திய ஆசியா. முஸ்லிம் மக்கள்தொகை பெருகுது, அங்கேருந்துதான் விரிசல் வரும்னு வாதம். நடந்தது என்ன? 1991 மார்ச்சில் யூனியன் நீடிக்கணுமான்னு வாக்கெடுப்பு நடந்தப்போ மத்திய ஆசியக் குடியரசுகளில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல 'நீடிக்கட்டும்'னு ஓட்டு. பால்டிக் நாடுகள் மூணும், ஆர்மீனியா, ஜார்ஜியா, மால்டோவாவும் ஓட்டெடுப்பையே புறக்கணிச்சாங்க. டிசம்பர் 1ல் உக்ரேனில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல சுதந்திரத்துக்கு ஓட்டு. எல்லாம் முடிஞ்ச பிறகு, டிசம்பர் 16ல், கடைசி ஆளா கசாக்ஸ்தான் கதவைச் சாத்திட்டு வெளியே வந்தது.

உடையும்னு சொன்னவங்களுக்கே எந்தப் பக்கம் உடையும்னு தெரியலை. ஏன்? மக்கள்தொகைப் புள்ளிவிவரம் மாஸ்கோவிலேருந்து ரஷ்ய மொழியில் கிடைச்சது. தாஷ்கண்டில் டீக்கடையில் ஜனங்க உஸ்பெக் மொழியில் என்ன பேசிக்கிறாங்கன்னு கேட்க ஆளில்லை.

இன்னொரு காட்சி. 1991 ஆகஸ்ட் 1, கீவ் நகரம். அப்பா புஷ் அங்க பாராளுமன்றத்துல போய் நின்னு, தற்கொலைத்தனமான தேசியவாதம் வேண்டாம்னு உக்ரேனியர்களுக்குப் புத்தி சொன்னார். மூணே வாரம். ஆகஸ்ட் 24ல் உக்ரேன் சுதந்திரப் பிரகடனம் பண்ணுச்சு. உலகத்திலேயே அதிகமா சோவியத் நிபுணர்களை வச்சிருந்த நாட்டோட ஜனாதிபதிங்க அவர்!

இதுலேருந்து பாடம் கத்துகிட்டிருக்கணும். கத்துகிட்டாங்களா? 2022 பிப்ரவரி 24ல் ரஷ்யா படையெடுத்தப்போ, 'கீவ் சில நாள்ல விழுந்துடும்'னு டிவியில் வந்து சொன்ன வல்லுநர்கள் எத்தனை பேர்! அவங்க ரஷ்ய டாங்கிகளை எண்ணத் தெரிஞ்சவங்க. உக்ரேன்னு சுமார் நாலு கோடிப் பேர் வாழ்ற ஒரு சமூகம் இருக்கு, முப்பது வருஷமா அது தனக்குன்னு ஒரு வாழ்க்கையை உண்டாக்கி வச்சிருக்கு என்பதைப் படிக்காதவங்க. துறையோட பேருல யூரேசியா இருந்தது, துறையோட மூளையில் மாஸ்கோ மட்டும்.

இந்த 'யூரேசியா' என்கிற வார்த்தையையே கொஞ்சம் நோண்டிப் பார்க்கணும். ஐரோப்பா கூட்டல் ஆசியா, அவ்வளவுதானேன்னு தோணும். அப்படிப் பார்த்தா மதுரையும் யூரேசியாவுலதான் இருக்கு. லிஸ்பனும் இருக்கு. ஆனா இந்தப் படிப்புல யூரேசியான்னா பழைய சோவியத் எல்லைன்னு அர்த்தம். வெளிப்படையா சொல்லக் கூச்சம், அதனால மாத்துப் பேர். அதைவிட மோசமான சமாச்சாரம், இந்த வார்த்தைக்கு ஒரு பூர்வீகம் இருக்கு. 1921ல் பல்கேரியாவின் சோபியா நகரத்துல, புரட்சிக்குப் பிறகு ஓடி வந்த ரஷ்ய அறிஞர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கட்டுரைத் தொகுப்பு போட்டாங்க. அதுல ஒருத்தர் நிகொலாய் த்ருபெத்ஸ்கோய். மொழியியல் படிச்சவங்களுக்குத் தெரியும், ஒலியனியலைக் கட்டி எழுப்பினவங்கள்ல ஒருத்தர். ரஷ்யா ஐரோப்பாவும் இல்லை, ஆசியாவும் இல்லை, அது யூரேசியா என்கிற தனி உலகம், அந்த நிலப்பரப்புல இருக்கிற எல்லா மக்களும் ஒரே விதியைப் பகிர்ந்துக்கிறவங்கன்னு அவங்க தத்துவம். இது பின்னாடி லெவ் குமிலியோவ் வழியா வந்து, கடைசியில் 1997ல் புவிசார் அரசியல் புத்தகம் எழுதின அலெக்சாந்தர் துகின்கிட்ட போய்ச் சேர்ந்தது. உக்ரேன்னு ஒரு தனி நாடு இருக்கிறதே ஆபத்துன்னு எழுதுற ஆள்.

இப்போ சொல்லுங்க. ஒரு உக்ரேனியப் பொண்ணு, ஒரு எஸ்டோனியப் பையன், அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து 'யூரேசியா துறை'ன்னு பலகையைப் பார்த்தா வயிறு எரியுமா எரியாதா? (கசாக்கியர்கள் கதை வேற. 1994ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்துல போய் நசர்பாயேவ் யூரேசிய யூனியன் வேணும்னு பேசினார். அஸ்தானாவில் குமிலியோவ் பேரிலேயே ஒரு யூரேசியப் பல்கலைக்கழகம் இருக்கு. ஒரே வார்த்தை ஒருத்தருக்கு விலங்கு, இன்னொருத்தருக்குப் பாலம். இதையெல்லாம் சொல்லித்தர வேண்டிய துறைதான் அதை யோசிக்காம பேரா வச்சுகிட்டிருக்கு.)

எல்லைக்கோடு எவ்வளவு தற்செயல்னு இன்னொரு உதாரணம். அமெரிக்க வெளியுறவுத் துறையில் மத்திய ஆசிய நாடுகள் அஞ்சும் ஐரோப்பா-யூரேசியா பிரிவோட இருந்தது. 2006ல் ஒரே உத்தரவு, தெற்காசியப் பிரிவோட சேர்த்துட்டாங்க. ராத்திரியோட ராத்திரியா தஜிகிஸ்தான் போலந்தோட கோஷ்டியிலேருந்து இந்தியாவோட கோஷ்டிக்கு வந்துடுச்சு. தஜிகிஸ்தான்ல ஒரு கல்லுகூட நகரலை.

2022க்கு அப்புறம் துறைக்குள்ளயே பெரிய விவாதம் கிளம்பிச்சு. ஒப்புக்கறேன். ஸ்லாவிய ஆய்வாளர் சங்கம் 2023 மாநாட்டுக்கு வச்ச கருப்பொருளே 'காலனிய நீக்கம்'. ரொம்ப நல்லது. ஆனா ஒரு கணக்கு சொல்றேன் கேளுங்க. மாநாட்டுக்குத் தலைப்பு வைக்கக் காசு ஆகாது. கசாக் மொழி சொல்லித்தர ஒரு ஆசிரியரை நிரந்தரமா வேலைக்கு எடுக்கக் காசு ஆகும். முதலாவது நடந்த வேகத்துல ரெண்டாவது நடக்கலை. இன்னொரு கூத்தும் இருக்கு. அமெரிக்க அரசுப் பணத்துல ரஷ்ய மொழியில் உயர்நிலைப் பயிற்சி எடுக்கிற மாணவர்களை இப்போ எங்கே அனுப்புறாங்க? அல்மாட்டிக்கு. கசாக்ஸ்தான்ல போய் ஒரு கல்வியாண்டு தங்கி, ரஷ்ய மொழியைக் கத்துகிட்டுத் திரும்பி வர்றாங்க. திருநெல்வேலிக்குப் போய் ஒரு வருஷம் தங்கி இந்தி கத்துகிட்டு வந்த மாதிரி.

ஆக, துறையைத் திட்ட என்கிட்ட நிறைய இருக்கு. ஆனா அதை இழுத்து மூடணும்னு கிளம்பியிருக்காங்களே, அவங்க இதைவிட மோசம்.

மூடச் சொல்றவங்க ரெண்டு வகை. ஒண்ணு பழைய வகை. 1990கள்ல அரசியல் அறிவியல் துறையில் கணித மாதிரிகளோட வந்தவங்க. மொழி, ஊரு, வரலாறுன்னு உட்கார்ந்துகிட்டிருக்கிறது விஞ்ஞானம் இல்லை, எல்லா நாட்டுக்கும் பொருந்துற பொதுவிதிதான் வேணும்னாங்க. ஹார்வர்டின் ராபர்ட் பேட்ஸ் 1997ல் இதைப் பத்தி எழுதினது பெரிய சண்டையா போச்சு. அதுக்கு முன்னாடியே, 1994ல், ஜப்பான் ஆய்வாளர் சாமர்ஸ் ஜான்சன் எதிர்ப்பக்கத்துலேருந்து ஒரு பிடி பிடிச்சிருந்தார். யார் ஜெயிச்சாங்க? வேலை நியமனக் கணக்கைப் பார்த்தா மாதிரி கட்டுறவங்கதான். ஒரு மொழியைச் சரியா கத்துக்க அஞ்சு வருஷம் ஆகும், புள்ளிவிவர மென்பொருளை ஆறு மாசத்துல கத்துக்கலாம். இளைஞர்கள் எதைத் தேர்ந்தெடுப்பாங்க? அமெரிக்கக் கல்லூரிகளில் ரஷ்ய மொழி படிச்சவங்க 1990ல் சுமார் 44 ஆயிரம். 2021ல் 18 ஆயிரத்துக்கும் கீழே. ரஷ்ய மொழிக்கே இந்தக் கதின்னா ஜார்ஜியன் மொழிக்கு?

ரெண்டாவது வகை புதுசு, கையில் கத்தரிக்கோலோட வந்தவங்க. 2025 மார்ச்சில் அமெரிக்கக் கல்வித் துறையில் ஆட்குறைப்பு நடந்தப்போ, மேலே சொன்ன ஆறாம் பிரிவை நிர்வகிச்ச அயல்மொழி அலுவலகத்துல இருந்தவங்களை மொத்தமா வீட்டுக்கு அனுப்பினாங்க. செப்டம்பரில், பிராந்திய மையங்களுக்கும் மொழி மாணவர் உதவித்தொகைக்கும் அந்த வருஷத் தவணை கிடையாதுன்னு அறிவிச்சாங்க. காரணம், அரசோட முன்னுரிமைகளோட ஒத்துப் போகலையாம். ஸ்புட்னிக் பயத்துல 1958ல் கட்டினதை, பக்கத்து ஊர்ல நிஜப் போர் நடந்துகிட்டிருக்கிறப்போ நிறுத்துறாங்க. பயத்துல படிச்சதே கேவலம்னா, பயம் வந்த பிறகும் படிக்க மாட்டேங்கறதுக்கு என்ன பேரு?

'பேரரசு வாசனை அடிச்ச துறைதானே, போகட்டும்'னு காலனிய எதிர்ப்பு நண்பர்கள் சிலர் உள்ளூர சந்தோஷப்படறதையும் பார்க்கறேன். அவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். வெள்ளம் வந்தா முதல்ல அடிச்சிட்டுப் போறது மாடி வீட்டை இல்லை, குடிசையை. ரஷ்ய மொழி எப்படியாவது பிழைச்சுக்கும். ராணுவத்துக்கு வேணும், உளவுத்துறைக்கு வேணும், தல்ஸ்தோய் படிக்கிறவங்களுக்கு வேணும். சாகப்போறது உஸ்பெக் வகுப்பும் தாத்தார் வகுப்பும்தான். அதாவது எதை வளர்க்கணும்னு நீங்க கேட்டீங்களோ அது.

'இதெல்லாம் அமெரிக்கா, ரஷ்யா சமாச்சாரம், நமக்கென்ன?'ன்னு யாராவது கேட்பீங்க. கேட்கணும். பதில் இருக்கு.

முதல் பதில். அந்த 1958 சட்டத்துப் பணம் ரஷ்ய மொழிக்கு மட்டும் போகலை. சிகாகோ, பென்சில்வேனியா மாதிரி இடங்கள்ல தெற்காசிய மையங்களுக்கும் போச்சு. அங்க தமிழ் வகுப்பு நடந்தது அந்தப் பணத்தோட துணையில. அமெரிக்கக் கணக்குப் புத்தகத்துல 'குறைவாகக் கற்பிக்கப்படும் மொழிகள்'னு ஒரு தலைப்பு இருக்கு. உஸ்பெக்கும் தமிழும் அந்த ஒரே தலைப்புக்குக் கீழதான். எட்டுக்கோடிப் பேர் பேசற செம்மொழின்னு நாம இங்க மார் தட்டிக்கலாம். அந்தக் கத்தரிக்கோலுக்கு அதெல்லாம் தெரியாது. 2025ல் வெட்டினப்போ ஜார்ஜியனையும் தமிழையும் சேர்த்துதான் வெட்டுச்சு.

ரெண்டாவது. அரசு கைவிட்டா ஒரு மொழிக்காரங்க என்ன பண்ணுவாங்கன்னு நமக்கு நல்லாவே தெரியும். நாமளும் உண்டியல் குலுக்கினவங்கதானே! ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு அறுபது லட்சம் டாலர் சேர்த்து 2018ல் முடிச்சோம். தமிழ்நாடு அரசு மட்டும் பத்து கோடி ரூபாய் கொடுத்தது. உக்ரேனியர்கள் இதை நமக்கு அறுபது வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சாங்க. அப்போ அவங்களுக்குத் தனி நாடே கிடையாது. அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தவங்க 1957ல் ஒரு நிதியை உருவாக்கி, டாலர் டாலரா சேர்த்து, 1968ல் ஹார்வர்டில் முதல் இருக்கை, 1973ல் ஓம்லியான் ப்ரீத்சாக் தலைமையில் உக்ரேனிய ஆய்வுக் கழகம்னு கொண்டு வந்தாங்க. அதே வளாகத்துல ரஷ்ய ஆய்வு மையம் கார்னெகி பணத்துல சொகுசா நடந்துகிட்டிருந்தது. 1932-33 பஞ்சத்துல உக்ரேனில் லட்சக்கணக்கான பேர் செத்ததை விரிவா எழுதின ராபர்ட் கான்க்வெஸ்டோட 1986 புத்தகம் யாரோட ஆதரவுல வந்தது? இந்த உண்டியல் கழகத்தோட ஆதரவுலதான். பெரிய மையங்கள் பார்க்காத பக்கத்தைப் பார்க்கக் கூலிக்காரங்களும் பாதிரியார்களும் காசு போட வேண்டியிருந்தது.

மூணாவது, நம்ம தமிழ் வாசகர்களோட தனிப்பட்ட கடன். என்.சி.பி.எச். கடையில் சல்லிசு விலைக்கு வாங்கின முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா புத்தகங்களைப் படிக்காத தலைமுறை உண்டா? பூ. சோமசுந்தரம் மாதிரி ஆட்கள் மாஸ்கோவில் உட்கார்ந்து தமிழாக்கினது. 'ரஷ்ய இலக்கியம்'னு ஒரே அலமாரியில் அடுக்கி வச்சோம். அதுல 'ஜமீலா'வும் 'முதல் ஆசிரியர்'ும் கிர்கீஸ் மண்ணோட கதைகள். சிங்கிஸ் ஐத்மாத்தவ் கிர்கீஸ்காரர். ரசூல் கம்சாதவ் தாகெஸ்தான் மலைகள்ல பேசற அவார் மொழிக் கவிஞர். கோகல் பிறந்தது உக்ரேன் மண்ணுல. ஹார்வர்ட் பேராசிரியர் பண்ணின அதே காரியத்தை நாம நம்ம புத்தக அலமாரியில் பண்ணியிருக்கோம்.

அவங்க நம்மளை எப்படிப் படிச்சாங்க தெரியுமா? 1960லயே பியாதிகோர்ஸ்கியும் ருதினும் சேர்ந்து தமிழ்-ரஷ்ய அகராதி போட்டுட்டாங்க. அந்த செம்யோன் ருதின் தனக்கு 'செம்பியன்'னு தமிழ்ப் பேரே வச்சுகிட்டவர். அந்த்ரோனவ் தமிழ் இலக்கணம் எழுதினார். மாஸ்கோ பல்கலைக்கழகத்துல பல்லாண்டு காலம் தமிழ் சொல்லிக்கொடுத்த அலெக்சாந்தர் துப்யான்ஸ்கி 2020ல் கொரோனாவுக்குப் பலியானப்போ இங்க எவ்வளவு பேர் கண்கலங்கினோம். பிராகாவில் தமிழ் படிச்ச கமில் சுவலபில், 1968ல் சோவியத் டாங்கிகள் உள்ளே வந்த பிறகு நாட்டை விட்டே போனவர். அவங்க பார்வையில் நாம ஒரு 'ஏரியா'. அவங்க அரசுக்கும் உள்நோக்கம் இருந்திருக்கும், இல்லேன்னு சொல்லலை. ஆனா மொழியைக் கத்துகிட்டு வந்தாங்க. பதிலுக்கு நாம எத்தனை பேரை அனுப்பினோம்? செக் மொழி, உக்ரேனிய மொழி, கிர்கீஸ் மொழி தெரிஞ்ச தமிழ் ஆய்வாளர்னு விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சா எத்தனை விரல் மடங்கும்?

போனது போகட்டும்னா, 2022 நம்ம வீட்டுக் கதவையே தட்டுச்சே. உக்ரேனில் போர் மூண்டதும் ஆபரேஷன் கங்காவில் இந்தியா திரும்பினவங்க சுமார் 22,500 பேர். பெரும்பாலும் மருத்துவ மாணவர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மட்டும் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல. போலந்து, ருமேனியா, ஹங்கேரி, ஸ்லோவாகியா எல்லையில் பனியில் நின்னாங்க. கார்கிவ் நகரத்துல ஒரு கர்நாடகப் பையன் உயிரே போச்சு. அந்த ரெண்டு வாரமும் நம்ம டிவிகள்ல பேசினவங்களை நினைச்சுப் பாருங்க. கார்கிவ் எங்கே இருக்கு, எல்விவ் எங்கே இருக்கு, எது போலந்து எல்லைக்குப் பக்கம் என்கிறதை வரைபடம் வச்சு ஒழுங்கா சொல்ல ஆளில்லை. ஆயிரக்கணக்குல பிள்ளைகளை ஆறு வருஷப் படிப்புக்கு அனுப்புற சமூகம், அந்த நாட்டைப் பத்தித் தெரிஞ்சுக்கற பொறுப்பை ஏஜெண்டு கொடுக்கிற பளபள நோட்டீஸ்கிட்ட விட்டுடுச்சு. அந்த நோட்டீஸ்ல ஃபீஸ் எவ்வளவுன்னு இருக்கும், இந்தியச் சாப்பாடு கிடைக்கும்னு இருக்கும். 2014லேருந்து அந்த நாட்டோட கிழக்குல சண்டை நடக்குதுன்னு இருக்குமா?

அமெரிக்காக்காரன் பயந்துகிட்டாவது படிச்சான். நமக்குப் பயமும் இல்லை, படிப்பும் இல்லை.

டெல்லி மாதிரி பிரமாண்ட மையமெல்லாம் இங்க கேட்கலை. ஆஸ்பத்திரி வார்டுகள்ல நோயாளிகிட்ட பேசியாகணும் என்பதால உக்ரேனிய மொழியோ ரஷ்ய மொழியோ ஓரளவு கத்துகிட்டுத் திரும்பி வந்த பிள்ளைகள் நம்ம மாவட்டம்தோறும் இருக்காங்க. கிர்கீஸ்தான்ல, ஜார்ஜியாவுல படிச்சவங்களும் இருக்காங்க. அவங்கள்ல நாலு பேரைக் கூப்பிட்டு ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்துல சாயங்கால மொழி வகுப்பு ஒண்ணு ஆரம்பிக்க எவ்வளவு ஆகும்? ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கத்துக்கு ஃப்ளெக்ஸ் பேனர், பொன்னாடை, நினைவுப்பரிசு, மதியச் சாப்பாடுன்னு ஆகிற செலவுதாங்க. அதுவும் ஒரே நாள் கருத்தரங்கம்.